அக்கா அறையில் 15 டிகிரி



லீட்ஸில் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அங்கிருந்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பலரும் கேட்டது ஒன்றுதான்: "சுவத்துல மாட்டியிருக்கிற அந்தப் பெட்டி என்ன?" ஒரு மாணவி, "ரிட்டயர் ஆகியும் பிராக்டிகல் நோட்டை மூடலையா சார்?" என்று எழுதியிருந்தாள். மூடவில்லை அம்மா. அந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

நம் ஊரில் பாய்லர் என்றால் பின்கட்டில் இருந்த தாமிர பாய்லர்தான் நினைவுக்கு வரும். கொட்டாங்கச்சியும் சுள்ளியும் போட்டு எரித்து, காலையில் எல்லோரும் வரிசையாக வெந்நீர் பிடித்துக் குளிப்போம். இங்கிலாந்து வீட்டு பாய்லரும் அதற்கு உறவுதான். சமையலறைச் சுவரில் அலமாரி அளவில் ஒரு பெட்டி. எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கும். உள்ளே இருக்கும் பம்பு அந்தச் சுடுநீரைக் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். அறையில் ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகை. சுடுநீர் அதற்குள் ஓடி, வெப்பத்தை அறையில் விட்டுவிட்டு, ஆறிய நீராக பாய்லருக்கே திரும்பும். நடுக்கூடத்துச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். அதில் 20 என்று வைத்தால், கூடம் 20 டிகிரி ஆனதும் பாய்லரை நிறுத்தச் சொல்லும்.

நான் போய் இறங்கியது 2022 டிசம்பர். அந்த மாத நடுவில் இங்கிலாந்து முழுக்கக் கடுங்குளிர். வெளியே வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. எரிவாயு விலையும் அந்த வருடம்தான் எகிறியிருந்தது. முந்தைய ஆண்டு யூனிட்டுக்கு 4 பென்ஸ் அளவில் இருந்தது, 2022 அக்டோபரில் அரசு தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகும் 10 பென்ஸைத் தாண்டி நின்றது. எந்த வீட்டில் பேசினாலும் பில் பேச்சுதான்.

அக்காவுக்கு 78 வயது. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாது. அதனால் வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டிய கீழ் அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று பக்கமும் வெளிச்சுவர், மேலே தட்டையான கூரை. "குளிருதாக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன குளிர்? நாகப்பட்டினம் கடல் காத்துல வளர்ந்தவ நான்" என்றார். சொல்லும்போது உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை.

அக்கா மகன் நல்ல பிள்ளை. கஞ்சன் இல்லை. "மாமா, கூடத்துல எப்பவும் 20 இருக்கு, பாருங்க" என்று தெர்மோஸ்டாட்டைக் காட்டினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கூடத்தில் 20தான் இருந்தது.

மறுநாள் கடையில் சாதாரண வெப்பமானி நான்கு வாங்கி அறைக்கு ஒன்றாக வைத்தேன். கூடத்தில் 20, சமையலறையில் இருபதரை, மாடிப் படுக்கையறையில் பதினெட்டரை. அக்கா அறையில் 15. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன், 13. வயதானவர்கள் இருக்கும் அறை குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே சொல்கிறது. குளிர்ந்த அறையில் இரத்த அழுத்தம் ஏறும், மூச்சுத் தொல்லை கூடும்.

காரணம் எளிது. தெர்மோஸ்டாட்டுக்குத் தான் மாட்டியிருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். கூடத்துக்குப் பக்கத்தில் சமையலறை, அது சீக்கிரம் சூடாகிவிடும். கூடம் 20 ஆனதும் பாய்லர் நின்றுவிடும். அப்போது அக்கா அறை பாதிகூடச் சூடாகியிருக்காது. மூன்று வெளிச்சுவர் வழியாக வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு வேகமாகப் பொருள் குளிரும் என்று நியூட்டனின் குளிர்வு விதியில் படித்தீர்களே, அதேதான்.

கூடத்து தெர்மோஸ்டாட்டை 24க்கு ஏற்றினால் அக்கா அறையும் ஏறும். ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் வேர்த்துப் போவார்கள், பில்லும் ஏறும். அதை அக்காவே அனுமதிக்க மாட்டார். அதனால் அளக்கும் இடத்தையே மாற்றலாம் என்று முடிவு செய்தேன். வீட்டின் கண் கூடத்தில் இருக்க வேண்டாம், அக்கா அறையில் இருக்கட்டும்.

இதற்கு எனக்கு வழி சொன்னவன் என்னிடம் 1996இல் பிளஸ் டூ படித்த மாணவன். இப்போது ஓசூரில் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பார்க்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இரவு அவனுக்கு ஓய்வாக இருக்கும் நேரம் எனக்கு மாலை. தினமும் வீடியோவில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. இந்த முறை அவன் ஆசிரியர், நான் நோட்டில் எழுதிக்கொள்ளும் மாணவன்.

வாங்கிய சாமான்கள் இவை. வைஃபை உள்ள இ.எஸ்.பி. 8266 என்ற சின்ன கன்ட்ரோலர் பலகை. டி.எஸ். 18பி20 என்ற வெப்பநிலை உணரி நான்கு. பார்க்க டிரான்சிஸ்டர் போல மூன்று கால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உள்ளேயே பதிந்திருக்கும். அதனால் ஒரே கம்பியில் நான்கையும் கோர்த்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாக அழைத்து அளவு கேட்கலாம். அந்தக் கம்பிக்கு 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று. பழைய மொபைல் சார்ஜர். ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். ஒட்டும் சீட்டுகளில் தமிழில் அறைப் பெயர் எழுதியது அக்காவின் பேத்தி. "கூடம்", "பாட்டி அறை" என்று எழுதிப் பழகினாள், அது தனி லாபம்.

உணரியைப் பற்றி ஓசூர்க்காரன் முதலிலேயே ஒரு விஷயம் சொன்னான். "சார், அது 85ன்னு காட்டினா நம்பாதீங்க. அளந்து முடிக்கறதுக்கு முன்னாடி கேட்டா அது சொல்ற எண் 85. கம்பி விட்டுப் போனா நிரல்ல மைனஸ் 127 வரும். ரெண்டையும் தள்ளிட்டுத்தான் கணக்குப் போடணும்." யோசித்துப் பாருங்கள். கம்பி விட்ட உணரி மைனஸ் 127 என்று சொல்ல, பெட்டி அதை நம்பினால், வீட்டைச் சூளை ஆக்கிவிடும். ஒரு கருவி சொல்வதை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் அளவியலில் ஒரு பாடம்.

அடுத்தது பாய்லரோடு பேசுவது. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது. ஐரோப்பிய பாய்லர்கள் பலவற்றில் ஓப்பன்தெர்ம் என்றொரு பொது மொழி உண்டு. பாய்லருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவில் இரண்டே கம்பி. மாற்றி இணைத்தாலும் பரவாயில்லை, பிளஸ் மைனஸ் பார்க்காது. அந்த இரண்டு கம்பியில் இருபக்கப் பேச்சும் நடக்கிறது. எப்படி? தெர்மோஸ்டாட் மின்னழுத்தத்தால் பேசும்: 7 வோல்ட்டுக்குள் இருந்தால் தாழ்வு, 15 முதல் 18 வோல்ட் என்றால் உயர்வு. பாய்லர் மின்னோட்டத்தால் பதில் சொல்லும்: 5 முதல் 9 மில்லி ஆம்பியர் தாழ்வு, 17 முதல் 23 மில்லி ஆம்பியர் உயர்வு. ஒருவர் வோல்ட்டில் கேட்க, மற்றவர் ஆம்பியரில் சொல்ல, ஒரே கம்பியில் உரையாடல். ஓம் விதியை நடத்தியபோது இது தெரிந்திருந்தால் அரை வகுப்பு இதையே பேசியிருப்பேன்.

பேச்சின் எழுத்துமுறைக்கு மாஞ்செஸ்டர் குறியீடு என்று பெயர். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு மாற்றம் இருந்தே தீரும். மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதை வைத்து 1, 0 பிரித்துக்கொள்ளலாம். மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பழைய கணினிக்காக உருவாக்கியது. லீட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் மாஞ்செஸ்டர் போய்விடலாம். ஒரு செய்திக்கு 32 பிட். அதில் ஒரு பகுதி எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும், கடைசி 16 பிட் மதிப்பு. வெப்பநிலையை 256ஆல் பெருக்கி அனுப்ப வேண்டும். தண்ணீர் 45 டிகிரி வேண்டும் என்றால் 45ஐ 256ஆல் பெருக்கி 11,520 என்ற எண். இந்தப் பெருக்கலால் அரை டிகிரி, கால் டிகிரிகூடத் துல்லியமாகச் சொல்லலாம்.

இன்னொரு விதியும் உண்டு. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை பேசியாக வேண்டும். பாய்லரும் பதில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேடு எடுக்கும்போது நீங்கள் "உள்ளேன் ஐயா" சொல்வீர்களே, அது இங்கே நொடிக்கொரு முறை நடக்கிறது.

நம் கன்ட்ரோலர் பலகை 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. 18 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். அதனால் நடுவில் ஆப்டோ கப்ளர் இரண்டு வைத்து ஒரு இணைப்புப் பலகை செய்தேன். ஆப்டோ கப்ளருக்குள் ஒரு எல்.இ.டி., அதற்கு எதிரே ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். இரண்டு பக்கத்துக்கும் மின்தொடர்பே இல்லை, ஒளி மட்டும் தாண்டிப் போகும். நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்துச் சைகையில் பேசுவது மாதிரி. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் கை மறக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாய்லர் மூடியை நான் திறக்கவில்லை. அந்த நாட்டில் எரிவாயுக் கருவியில் கை வைக்க 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் வர வேண்டும். அப்படி ஒருவர் வந்து, பாய்லரைச் சோதித்து, ஓப்பன்தெர்ம் முனையிலிருந்து இரண்டு கம்பியை வெளியே எடுத்துக் கொடுத்தார். ஏலக்காய் டீ குடித்துவிட்டு என் வரைபடத்தையும் பார்த்தார். தீச்சுடரைக் கண்காணிப்பது, மிகையாகச் சூடானால் நிறுத்துவது எல்லாம் பாய்லருக்குள்ளேயே இருக்கும் வேலை. என் பெட்டி "இவ்வளவு சூடு வேண்டும்" என்று கேட்க மட்டும்தான் முடியும். பழைய தெர்மோஸ்டாட்டையும் அப்படியே விட்டுவைத்தேன். ஒரு சுவிட்சைத் தள்ளினால் பெட்டி விலகி, வீடு பழையபடி ஓடும். நான் ஊருக்கு வந்த பிறகு நள்ளிரவில் கோளாறு வந்தால் அவர்கள் குளிரில் உட்காரக் கூடாது அல்லவா?

"சூடு வேண்டும், வேண்டாம்" என்று சொல்ல ஒரு ரிலே போதுமே, எதற்கு இந்த உரையாடல் என்று கேட்பீர்கள். காரணம் எரிவாயுவில் இருக்கிறது. மீத்தேன் மூலக்கூறு ஒன்று எரிந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டாகும். ஒரு கன மீட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆவியாகப் புகையோடு வெளியே போகும். ஒரு கிலோ நீராவி மீண்டும் நீரானால் சுமார் 2,260 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியில் இருக்கிறது. இப்போதைய பாய்லர்கள் அதைப் பிடிக்கவே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். அந்த வீட்டில் பாய்லர் 75 டிகிரியில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. விலை கொடுத்து வாங்கிய வெப்பம் குழாய் வழியே வெள்ளைப் புகையாகத் தெருவுக்குப் போனது.

75ஐ 55 ஆகக் கையாலேயே திருகிக் குறைக்கலாம். இந்தப் பயனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும், பெட்டி தேவையில்லை. ஆனால் வெளிக்குளிர் தினமும் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் யார் போய்த் திருகுவது? அதைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. வெளியே 10 டிகிரி என்றால் தண்ணீர் 42, வெளியே 0 என்றால் 55 என்று கிராஃப் தாளில் ஒரு கோடு போட்டேன். அக்கா அறை இலக்குக்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று டிகிரி கூட்டும், மேலே போனால் குறைக்கும். அரை மணி கொதித்து ஒரு மணி ஓய்வதற்குப் பதில், மிதமான சூட்டில் நெடுநேரம். நம் வீட்டில் பாலைச் சிறு தீயில் சுண்டக் காய்ச்சுவதுபோல. மற்ற அறைகளின் ரேடியேட்டர்களில் தானியங்கி வால்வு உண்டு, அறை சூடானால் அதுவே நீரைக் குறைத்துக்கொள்ளும். கூடத்து ரேடியேட்டருக்கு மட்டும் அது இல்லாததால் அதன் அடி வால்வைச் சற்று மூடிவைத்தோம்.

மூன்றாம் நாள் அக்கா அறை 19 தொட்டது. பாய்லரிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கூடியது. ஒரு குவளை வைத்துப் பிடித்து, பேத்திக்குக் காட்டினேன். "இது முன்னாடி புகையாப் போன தண்ணி" என்றேன். மீட்டரை இரண்டு வாரம் தினமும் குறித்தோம். ஏறக்குறைய அதே குளிருள்ள முந்தைய இரண்டு வாரத்தில் நாளுக்குச் சராசரி 62 யூனிட், இப்போது 57. இரண்டு வாரக் கணக்கை வைத்துச் சட்டம் எழுதக் கூடாது. ஆனால் ஒரு முதியவரின் அறை நான்கு டிகிரி ஏறியும் பில் ஏறவில்லை என்று சொல்ல அது போதும்.

பெட்டியோடு கடைசியாக ஒன்று சேர்த்தேன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திருகுமிழ். அதைத் திருகினால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டிகிரி கூடும், பிறகு தானே பழைய நிலைக்கு வந்துவிடும். "யாரையும் கேக்க வேண்டாம்க்கா, குளிருச்சுன்னா திருகுங்க" என்றேன். ஒரு வாரம் அவர் தொடவே இல்லை. ஒருநாள் பேத்தி, "பாட்டி, இது பில்லை ஏத்தாது, நான் கணக்குப் பாத்துட்டேன்" என்று மீட்டர் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதன்பிறகுதான் கை போனது.

பெட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறு அக்கா மகனும் நானும் கணினியில் அந்த வரைகோட்டைப் பார்த்தோம். ஏழு நாளும் திருகுமிழ் திருகியது காலை நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில். "அம்மா அந்நேரத்துக்கா எழுந்திருக்காங்க?" என்று கேட்டான். ஆமாம். விளக்கேற்றிச் சாமி கும்பிட எழுந்துவிடுகிறார். வீடு எழுவது ஏழு மணிக்கு. அதற்கு முந்தைய பழைய அளவுகளையும் எடுத்து வைத்தேன். அந்நேரத்தில் 13, 13, பன்னிரண்டரை. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து அம்மா அறைக்குப் போனான்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீ உடனே ஏத்திடுவே. பில்லு கட்டறதும் நீதானே. ரெண்டு பேரும் நைட்டும் பகலுமா ஓடறீங்க. எனக்கு சால்வை இருக்கு."

நான் சமையலறையிலேயே நின்றுவிட்டேன். மறுநாளிலிருந்து காலை நாலரைக்கே அந்த அறை 19 ஆகும்படி அவனே நேர அட்டவணையை மாற்றினான். நிரலில் எந்த வரி என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே மாற்றினான்.

பிள்ளைகளே, அவன் அம்மாவைக் கவனிக்காத மகன் இல்லை. தினமும் "சௌகரியமா இருக்கியாம்மா?" என்று கேட்டவன்தான். அவருடைய பதில் எப்போதும் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்". உணரி 85 என்று சொன்னால் நம்பாதே என்பதுபோல, நம் பெற்றோர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். அவர்கள் பொய் சொல்வதில்லை. நமக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அளவைத் தாங்களே குறைத்துச் சொல்கிறார்கள்.

இது குளிர் நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். சித்திரை வரப்போகிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்பா, அம்மா மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் படுக்கிறார்கள்? பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில்தான் வெப்பத்தைக் கீழே விடும். "ஃபேன் இருக்கே, போதும்" என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு அந்த அறையில் எத்தனை டிகிரி என்று உங்களுக்குத் தெரியுமா? பாய்லரும் ஓப்பன்தெர்மும் வேண்டாம். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு வாரம் இரவிலும் விடியற்காலையிலும் குறித்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது பிறகு உங்களுக்கே தெரியும்.

சுற்றுப்படமும் நிரலும் வேண்டுபவர்கள் கேளுங்கள். நோட்டில் வரைந்ததைப் படம் எடுத்து அனுப்புகிறேன். சந்தேகம் வந்தால் எந்நேரமும் கூப்பிடலாம். எனக்கும் விளங்காவிட்டால் ஓசூர்க்காரன் இருக்கிறான்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்